கத்தி வெட்டின இடம்

ஹலோ… பார்த்ஃபாய் சாரா? எதெல்கா பேசுறேன், செகெத் லேபிலேருந்து. …மேடைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கில்ல? …ஆமா, ஆமா, லுப்லியானா மாநாடே காத்துக்கிட்டு இருக்கும், தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருங்க.

…எலிக்கெல்லாம் ஒண்ணுமில்ல. செத்தது செத்தபடி இருக்கு.

…இல்ல சார், எலி மூளையில, தலாமஸ்ல இடது பக்கம் சாயம் ஏத்தினோம்ல? அங்கேருந்து நரம்பு முன்னால கார்ட்டெக்ஸுக்கும் பேசல் கேங்க்ளியாவுக்கும் போறப்ப வலது பக்கம் தாவுதுன்னு இப்ப சொல்லப் போறீங்க. …ஆமா, ஆமா, புதுப் பாதை, உலகத்துல ஒருத்தரும் பாக்காதது. …அது தாவல சார்.

…ஹலோ? …எப்படியா?

…சொல்றேன். மூளைய முன்துண்டு, பின்துண்டுன்னு ரெண்டா வெட்டுறோம். பக்கம் மாறிடக் கூடாதுன்னு ரெண்டுலயும் வலது ஓரத்துல பிளேடால ஒரு கீறல். …உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். காலையில பின்துண்டோட கடைசிச் சீவலையும் முன்துண்டோட முதல் சீவலையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். அதுல சாயம் இடது, இதுல வலது. நடுவுல மயிரிழை இடம் இல்ல. …ஒரு எலின்னா சரி. ஆறு எலிக்கும் நரம்பு தாவுற இடம், நம்ம கத்தி வெட்டின இடம். இங்கதான் வெட்டுவாங்கன்னு அதுங்களுக்கு யார் சொன்னது?

…நானா? …பொறுங்க, நானா கீறினேன்? அன்னிக்குக் காலண்டர்ல எதெல்கான்னு போட்டிருக்கிற நாள், என் பேர்நாள். பொகாச்சா ரொட்டி சுட்டு எல்லாருக்கும் கொண்டாந்தேன். நீங்க நாலு சாப்பிட்டுட்டு, வீட்டுக்குப் போ, நானே பாத்துக்கறேன்னு அனுப்பி வச்சீங்க. …ஆமா சார், நல்ல மனசுதான், யார் இல்லன்னா? முன்துண்டை மூக்குப் பக்கம் உங்களப் பாக்கிற மாதிரி வச்சுக் கீறியிருப்பீங்க. உங்களுக்கு வலது, எலிக்கு இடது.

…நானும் பிரோஷ்காவும்தான், வேற யாரும் பாக்கல. …அழுதுக்கிட்டிருக்கா. அவ டாக்டர் பட்ட ஆய்வேடு பாதி இதுலதானே நிக்குது.

…என்ன சொல்லப் போறீங்க? …உதவியாளரோட தப்புன்னா? …சார், இந்த லேபுல உதவியாளர்னா நான் ஒருத்திதான். …பேரைச் சொல்ல மாட்டீங்க, சரி. சொல்லாட்டி தெரியாதா? வசந்தத்துல ஆள் குறைக்கப் போறாங்க. எனக்கு அம்பத்தெட்டு வயசு, இனிமே யார் வேலை குடுப்பாங்க? பயமா இருக்கு சார். கெஞ்சித்தான் கேக்கறேன், அப்படிச் சொல்லிடாதீங்க.

…கூப்பிடுறாங்களா? …சார்? …ஹலோ?

…கட் பண்ணாமலே பையில போட்டுட்டாரு. பிரோஷ்கா, மூக்கத் துடைச்சுக்கிட்டு இங்க வா, ஸ்பீக்கர்ல போடுறேன். …ஷ். …பாதை இல்லன்னு சொல்லிட்டாரு. …அடுத்து என்ன சொல்றாரு? …என் கைதான்னாரு. அவர் கைதான் கீறிச்சாம், கேட்டியா? …அப்பாடா. அந்த நாற்காலிய இழு, உக்காந்துக்கறேன்.

…அது என்ன சத்தம்? …கைதட்டலா? எதுக்கு? …நேர்மைக்கா?

…இன்னும் தட்டுறாங்களே. எழுந்து நின்னுட்டாங்க போல.

…இருபத்தாறு வருஷமா சரியான பக்கத்துல கீறிக்கிட்டிருக்கேன் பிரோஷ்கா. ஒருத்தர்கூடக் கை தட்டினதில்ல.

…போதும், வைக்கிறேன்.