தண்ணீர் பாட்டிலில் நான் எழுதிய எண்கள்

காலையிலிருந்து எங்கள் எல்லாரையும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பெண் பிள்ளை பந்தை உதைத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டவர்களிடம், “பேசிட்டுப் போகட்டும்” என்று சொல்லி மகளை மைதானத்துக்கு அனுப்பிய மாண்புமிகு தாய்மார்களே! எங்கள் வியர்வை ஜெர்சிகளைப் பதினைந்து ஆண்டுகள் துவைத்துத் தொங்கவிட்ட ஜெர்சி அண்ணன் அவர்களே! காலுறையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுப் புல்தரையில் அமர்ந்திருக்கும் என் கண்மணிகளே! நாட்டின் கோல் வாசலைப் பதினொரு ஆண்டுகள் காத்து நின்ற இந்த விழாவின் நாயகி, எங்கள் பூட்டு அக்கா அவர்களே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

மைக் கொஞ்சம் இரைகிறது. பரவாயில்லை, நான் அதைவிட அதிகம் இரைவேன்.

இந்த மைதானத்தின் புதிய கோல் போஸ்டுக்கு அக்காவின் பெயரைச் சூட்டும் நாள் இது. வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் நான் வாழ்த்த மட்டும் வரவில்லை. பதினாறு ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடந்து உறுத்தும் ஒன்றை இன்று இங்கே இறக்கி வைக்கப் போகிறேன். அக்கா, வேண்டாம்னு இப்பவே கையைக் காட்டாதீங்க. நான் சொல்லத்தான் போறேன்!

எனக்குப் பின்னால் தொங்கும் பெரிய படத்தைப் பாருங்கள். பார்க்காத கண் இந்த நாட்டில் உண்டா? ஒலிம்பிக் வெண்கலப் போட்டியில் பெனால்டியில் தோற்ற அடுத்த நிமிடம் எடுத்த படம். கையுறை போட்ட கைகளை வாயில் வைத்துக்கொண்டு அக்கா குனிந்து நிற்கிறார். விழாக் குழுவினர் அதன்கீழே “கண்ணீர்க் காவலர்” என்று அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு நான் பிறகு வருகிறேன்.

அந்த அணியில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? ஸ்டெப்னி! ஆமாம், சிரியுங்கள், நானும் சிரித்துத்தான் பழகினேன். வண்டியின் பின்னால் ஒரு சக்கரம் சும்மாவே ஊரைச் சுற்றி வரும் அல்லவா, அதுதான் நான். அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது, எனக்கு இருபது. அக்காவுக்கு அடிபட்டால்தான் எனக்கு ஆட்டம். அக்காவுக்கோ அடிபடவே அடிபடாது. பந்தின்மீது பாய்வார், பல்லைக் கடித்து எழுவார், “ஸ்டெப்னி, எதுக்குடி எழுந்து நிக்கிற, உக்காரு!” என்று அங்கிருந்தே கத்துவார்.

ஒலிம்பிக் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? தீபம், அணிவகுப்பு, ஆயிரமாயிரம் வீரர்கள் தங்கும் கிராமம்! நாங்கள் அதில் எதைப் பார்த்தோம்? எதையுமே பார்க்கவில்லை. கால்பந்து ஆட்டங்கள் தொடக்க விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிடும், அதுவும் வேறு வேறு ஊர்களில். உலகமே தீபம் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நாங்கள் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு அறையில், வீங்கிய காலை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு டிவி பார்த்தோம்.

நம் நாட்டு வீரர்கள் கொடியோடு திரையில் வந்தார்கள். எங்களுக்கும் அதே அணிவகுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தார்கள், பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இன்னொருத்தி உறிஞ்சினாள். அக்கா எழுந்தார்.

“என்னங்கடி இது, எழவு வீடா? எல்லாரும் போய்க் கோட்டை மாட்டிட்டு வாங்க!”

வந்தோம். ஜெர்சி அண்ணன் தரை துடைக்கும் குச்சியில் மேசை விரிப்பைக் கட்டிக் கொடியாகத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பதினெட்டுப் பெண்கள், மேலே தங்கப் பொத்தான் கோட்டு, கீழே அரைக்கால் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. மேசைகளைச் சுற்றி அணிவகுத்தோம். தட்டு எடுக்க வந்த பணியாளர்கள் சுவரோரம் வரிசையாக நின்று கைதட்டினார்கள். உண்டா அண்ணே? அண்ணன் தலையாட்டுகிறார், பாருங்கள்! அதன்பிறகு இரண்டு ஒலிம்பிக் போனேன். ஒருமுறை உண்மையான அணிவகுப்பிலேயே நடந்தேன். ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சாப்பாட்டு அறைதான் தெரிகிறது. அந்த நாள் திரும்பி வருமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சரி, உட்கார்ந்தே இருந்த ஸ்டெப்னிக்கு வேறு வேலையே இல்லையா? இருந்தது. பெனால்டி நோட்டு! எந்த நாட்டுப் பெண் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பாள் என்று பார்த்து வைப்பது இரண்டாவது கோல்கீப்பரின் வேலை. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த உலகப் போட்டியின் வீடியோக்களை மூன்று மாதம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். “ஒன்பதாம் எண், இடது, தரையோடு.” “ஆறாம் எண், வலது, உயரமாக.” இப்படி நாற்பது பெண்கள். என் நோட்டைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவேன்.

வெண்கலப் போட்டி வந்தது. ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் முடிந்தது. இனி பக்கத்துக்கு ஐந்து உதை. பெனால்டி! நான் புல்லில் மண்டியிட்டு, நோட்டைப் பிரித்து, வெள்ளை டேப்பில் எண்களையும் பக்கங்களையும் எழுதி, அக்காவின் தண்ணீர் பாட்டிலில் சுற்றி ஒட்டினேன்.

“எல்லாம் சரியா இருக்காடி?”

“நூத்துக்கு நூறு அக்கா!”

சொன்னேனே! நூற்றுக்கு நூறு என்று இந்த வாயால் சொன்னேனே!

முதல் பெண் வந்தாள். ஒன்பதாம் எண். அக்கா பாட்டிலைப் பார்த்தார், இடப்பக்கம் பாய்ந்தார். பந்து வலப்பக்கம் போனது. இரண்டாவது பெண், ஆறாம் எண். அக்கா பாட்டிலைப் பார்த்தார், வலப்பக்கம் பாய்ந்தார். பந்து இடப்பக்கம் போனது.

மூன்றாவது பெண் பதினான்காம் எண்ணோடு நடந்து வந்தாள். அந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறேனே! குதிகால் தரையில் படாத நடை. மூன்று மாதம் வீடியோவில் பார்த்த நடை. ஆனால் வீடியோவில் அவள் முதுகில் இருந்த எண் இருபத்து ஒன்று!

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. உலகப் போட்டிக்கு ஒவ்வோர் அணியிலும் இருபது பேருக்கு மேல் போனார்கள், எண்களும் அதுவரை போயின. ஒலிம்பிக்குக்குப் பதினெட்டே பேர், எண்ணும் பதினெட்டோடு நின்றுவிடும். அணி சுருங்கினால் எண்கள் மாறும். வந்த ஆட்கள் அதே ஆட்கள், முதுகிலிருந்த எண்கள் வேறு! என் நோட்டிலிருந்த ஒன்பதாம் எண்காரி அந்த ஒலிம்பிக் அணியிலேயே இல்லை. எங்கள் அணியிலேயே நான்கு பேருக்கு எண் மாறியிருந்தது. தினமும் பார்த்தேன், கிண்டல் செய்தேன், ஆனால் நோட்டைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கத்தினேன். அந்த இரைச்சலில் எவருக்குக் கேட்கும்? கோட்டோரம் ஓடி, இரண்டு கைகளையும் குறுக்கே குறுக்கே ஆட்டினேன். பார்க்காதீங்க அக்கா, பாட்டிலைப் பார்க்காதீங்க! ஒரு நடுவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அக்கா என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். அதை எடுத்துப் புல்லில் குப்புறப் போட்டார். போய் நடுவில் நின்றார். தம் கண்ணை மட்டும் நம்பிப் பாய்ந்தார். பிடித்தார்!

ஆனால் தாமதமாகிவிட்டது, தோழர்களே. அடுத்து வந்த இருவரும் கோல் அடித்துவிட்டார்கள். நம் பக்கம் இரண்டு தவறியது. நான்குக்கு மூன்று. முதல் இரண்டில் ஒன்றைத் தடுத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். அந்த இரண்டு பெண்களையும் பற்றி என் நோட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தேன், வேறு எண்களுக்கு நேராக.

அப்புறம் என்ன நடந்தது? நீங்கள் அறிவீர்கள். “துருப்பிடித்த பூட்டு” என்று எழுதினார்கள். செய்தியாளர்கள் மைக்கை நீட்டியபோது அவர் வாயையே திறக்கவில்லை, “திமிர்” என்று எழுதினார்கள். வயதாகிவிட்டது என்றார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள்? என்னை! அவர் விட்ட வெண்கலத்தை அடுத்த ஒலிம்பிக்கில் நான் வென்றேன் என்று எனக்கு ஊர்வலம் விட்டார்கள். அந்த ஊர்வல வண்டியில் நின்றுகொண்டு நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

இப்போது அந்தப் படத்தை மறுபடியும் பாருங்கள். அம்மா, கடைசி வரிசை அம்மா, கொஞ்சம் எழுந்து நின்று பாருங்கள்! அவர் அழுகிறாரா? கண்ணைப் பாருங்கள், எங்கே ஈரம்? கைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது? பாட்டில்! தோற்ற அந்த நொடியில் ஒரு டிவி கேமராக்காரர் கோல் போஸ்டை நோக்கி ஓடினார். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் பிடிக்கப் போகிறார். பிடித்திருந்தால் என் கையெழுத்தும் என் தவறும் அன்றைக்கே உலகம் முழுக்கத் தெரிந்திருக்கும். அக்கா அவருக்கு முன்னால் ஓடிப் பாட்டிலை எடுத்தார். தடித்த கையுறை, டேப்பைப் பிரிக்க விரல் வளையவில்லை. பல்லால் கடித்து உரித்தார்! உரித்ததை வாய்க்குள் அடக்கிக்கொண்டார். செய்தியாளரிடம் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

உடை மாற்றும் அறைக்கு வந்தார். அழுதுகொண்டிருந்த என் உள்ளங்கையில் அந்த டேப் உருண்டையைத் துப்பினார்.

“ரொம்பக் கசப்பா இருக்குடி உன் எழுத்து.”

“அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன் அக்கா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“யார்கிட்டயாவது சொன்ன, கையை ஒடிச்சிருவேன். நான் எப்படியும் இதோட வீட்டுக்குப் போறவ. நீ இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடலயே. முதல் ஆட்டத்துக்கு முன்னாலயே உன்னை முடிச்சிடுவாங்கடி. மூக்கைத் துடை. நோட்டை எடு. எண்ணையெல்லாம் அடிச்சிட்டு நடையை எழுது.”

அன்று முதல் நான் எண்ணை எழுதியதில்லை. நடையைத்தான் எழுதினேன். நான் பின்னாளில் தடுத்த ஒவ்வொரு பெனால்டியும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

அக்கா, எத்தனை தடவை கேட்டிருப்பேன், சொல்லவா சொல்லவான்னு? “போடி, வேலையைப் பாரு”ன்னு போனை வெச்சிடுவீங்க. இன்னைக்கு மைக் என் கையில இருக்கு. என் கையை ஒடிக்கணும்னா ஒடிச்சுக்கோங்க, நானும் ஆடி முடிச்சாச்சு.

இதோ, பார்த்துக்கொள்ளுங்கள். பதினாறு ஆண்டுகளாக என் பெட்டியில் இருக்கும் டேப். எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. பல் பதிந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. விழாக் குழுவினரைக் கைகூப்பிக் கேட்கிறேன். அந்தப் படத்தின்கீழ் இருக்கும் கண்ணீர் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். காவலர் என்று மட்டும் இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், புல்லில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அடுத்த பேச்சாளரின் நேரத்தையும் எனக்கே விட்டுத் தந்த தலைவருக்கும் நன்றி. பூட்டு அக்காவுக்கு நன்றி என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் எழுந்து நில்லுங்கள். அக்கா, நீங்க மட்டும் உக்காருங்க, இன்னைக்கு நாங்க நிக்கிறோம். வணக்கம்!