வளைமூக்கு உள்ளானுக்கு ஒரு சாட்சி

— இல்லை அத்தான், எனக்குச் சேறுதான் தெரியுது.

— வடிவாப் பாரடா பற்றிக். சின்ன உள்ளான் குருவிக் கூட்டத்துக்கு நடுவில, நெஞ்சு செங்கல் நிறத்தில ஒண்டு நிக்குது. சொண்டு கீழ வளைஞ்சிருக்கு.

— அது சரி. உங்கட தொலைநோக்கி பழசு. அதுக்குள்ள எல்லாம் வளைஞ்சுதான் தெரியும்.

— நான் இதைக் காசு குடுத்து வேண்டி ஒரு கிழமை போகேல்லை, நீ இதைவிடப் பெரிசா ஒண்டு வேண்டினனி.

— கடைக்காரன் நான். எதிர்க்கடையில என்ன தொங்குதோ, அதைவிட ஒரு சாண் பெரிசாத் தொங்கவிட வேணும்.

— அப்ப உன்ர பெரிசால பார். வளைமூக்கு உள்ளான்தானே?

— மன்னாரில களப்பு முழுக்க நிண்ட குருவி. அங்க திரும்பியும் பாக்காத ஆள், இஞ்ச விடியவே வந்து நிக்கிறியள்.

— இது வழிதவறி வந்தது. இந்தக் குளிர் நாட்டில, சென்ட் லோரன்டில, ஃபக்டரிக்குப் பின்னால, இந்தச் சரணாலயக் குளத்தில இதைக் கண்டவை ஒருத்தரும் இல்லை.

— அப்ப குருவி பாக்கிற சங்கத்து மதாமுக்கு ஃபோன் எடுங்கோவன்.

— அவ கர்க்லாண்டில இருந்து வர முதல் இது பறந்திடும். போன வருஷமும் நான் வேற ஒரு குருவியைக் கண்டு சொல்ல, “மெசியே கிறகரி, நைட் வேலை முடிச்சு வாறியள், அது நித்திரைக் கண்” எண்டு எல்லாருக்கும் முன்னால சிரிச்சவ. ரெண்டு பேர் கண்டாத்தான் ஏற்பினம். நீ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்.

— என்ன தருவியள்?

— சாட்சிக்கும் விலையோ? ஞாயிறு பூசைக்கு முன்வாங்கிலில இருக்கிறவன் நீ.

— பூசை பத்து மணிக்கு. இப்ப வியாபாரம். முதல் கண்டது பற்றிக் எண்டு மதாமுக்கு உங்கட வாயால சொல்ல வேணும்.

— இப்பதானே சேறு எண்டனி?

— விலை பேசேக்க சரக்கை ஆரும் புகழுறதில்லை அத்தான்.

— பாதி தாறன். ரெண்டு பேரும் ஒண்டாக் கண்டம் எண்டு சொல்லுவம்.

— ஏலாது. முதல் நான். பேந்து நீங்கள்.

— மூண்டு கோடையா இந்தக் குளத்தங்கரையில நிக்கிறன். என்னைப் பாத்துத்தான் நீ வரத் தொடங்கினனி. ஏனடா உனக்கு இந்த எரிச்சல்?

— அது சரி. அங்க பாருங்கோ, பிளேன் இறங்குது. சத்தத்துக்குக் கூட்டம் எழும்பப்போகுது. யோசிச்சுச் சொல்லுங்கோ.

— மாதாவே. உன்னைப்போல ஒரு மச்சான் எனக்கு வாய்ச்சானே.

— எழும்புது அத்தான்.

— சரி, சரி. நீதான் முதல் கண்டனி. பாத்திட்டியோ?

— பாத்தன். செட்டைக்குப் பின்னால, வாலடியில வெள்ளை. வளைமூக்கு உள்ளானேதான். ஃபோனை எடுங்கோ.

— எடுக்கிறன். ஆனா இந்தப் பொய்யின்ர பாவம் உனக்குத்தான். பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்ட நீ போய்ச் சொல்லு.

— இதில பொய் எங்க இருக்கு? வியாழக்கிழமையே நான் கண்டிட்டன் அத்தான். சாட்சிக்கு உங்களையெல்லே கூப்பிட வேணும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்.