மேட்டில் நிறுத்தியவர்

மாலை ஏழு மணி பத்து நிமிடம். நடுச்சாமம் எல்லாம் இல்லை. எல்லார் வீட்டிலும் விளக்கு எரிகிற நேரம்தான். ஆனால் ஏரிக்கரைப் பழைய சாலையில் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. புதிய சாலை போட்ட பிறகு அங்கே கம்பங்கள் மட்டும்தான் நிற்கின்றன... விளக்கு இல்லை.

இது நம் அச்சகக்காரரின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அச்சகக்காரர் இன்று வரவில்லை. அவர் இருந்தால் இதைச் சொல்ல விடமாட்டார். அதனால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த மனிதருக்குப் பல் செட் செய்கிற வேலை. வீட்டின் பின்னறைதான் பட்டறை. மேல் வரிசை, கீழ் வரிசை என்று செய்து, சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, தானே காரில் கொண்டுபோய்ப் பல் டாக்டர்களிடம் கொடுப்பார். சொந்தக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகிவிட்டது. எல்லாருக்கும் அவர் முப்பத்திரண்டு.

சட்டம் என்றால் நடுங்குகிற மனிதர். ஒரு ஈ காக்கை இல்லாத நாற்சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். கொடியில் சிவப்புத் துணி காய்ந்தால்கூட இவர் பிரேக் போட்டுவிடுவார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார். சீருடை போட்டிருந்தால் போதும், தபால்காரருக்கும் ஒரு 'சார்' உண்டு.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஏன் அந்தச் சாலையில் போனார்? அதற்கும் அந்த நடுக்கம்தான் காரணம். காரின் வலது பக்க பிரேக் விளக்கு எரியவில்லை. மூன்று வாரமாக மனைவி சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று இவர் தள்ளிப்போட்டார். புதிய சாலையில் போலீஸ் சோதனை நடக்கிறது என்று பல் டாக்டரின் உதவியாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டாள். முப்பத்திரண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகப் போலீசுக்குக் கண்ணாமூச்சி காட்ட முடிவு செய்தார். ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

தனியாக இருந்திருந்தால் பரவாயில்லை. பின் சீட்டில் அவருடைய மகள். ஏழு வயது. நீச்சல் வகுப்பு முடிந்து அழைத்து வருகிறார். ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அப்படியே தூங்கிப்போயிருந்தாள்.

ஏரி முடிகிற இடத்தில் சாலை ஒரு மேடு ஏறும். நல்ல செங்குத்து. மேட்டின் அடியில் ஒரு வளைவு. வளைவில் கைப்பிடிச் சுவர்... அதில் ஒரு லாரி அகலத்துக்கு உடைசல். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான். எப்போது உடைந்தது, யார் உடைத்தது, ஒருவருக்கும் தெரியாது. சரி செய்யவும் ஆள் இல்லை.

வளைவைத் தாண்டிப் பாதி மேடு ஏறியிருப்பார். முன்னால் ஒரு டார்ச் வெளிச்சம் இடமும் வலமும் ஆடியது.

கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது.

வந்தவருக்குத் தொப்பி இருந்தது, பெல்ட் இருந்தது. முகம் தெரியவில்லை. டார்ச்சை நேராக இவர் கண்ணில் அடித்தார். ஜன்னலை இறக்கியதும் ஒரு வாடை... சேறும் பாசியும் கலந்த வாடை. ஏரி பக்கத்தில் இருக்கிறதே, அதுதான் என்று நினைத்துக்கொண்டார். லைசென்சை எடுத்து நீட்டினார். அந்த ஆள் வாங்கவில்லை.

"பின்னாடி ஒரு லைட்டு எரியல சார்."

கடுப்பு இல்லாத குரல். பகல் முழுக்க வெயிலில் நின்றவர் பேசுகிற மாதிரி, அலுத்த குரல். முப்பத்திரண்டு மென்று முழுங்கினார். தெரியும் என்றார், காலையில் முதல் வேலை அதுதான் என்றார். கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார். அந்த ஆள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இஞ்சினை அணைக்கச் சொன்னார். முன் விளக்கையும் அணைக்கச் சொன்னார். நான் பின்னால் நின்று பார்க்கிறேன், நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார்.

மேட்டில் நிற்கும் வண்டி. ஆனாலும் அணைத்தார். சொன்னது போலீஸ் அல்லவா?

டார்ச் வெளிச்சம் கதவோரமாக நடந்து பின்னால் போனது. அணைந்தது.

"மிதிங்க."

மிதித்தார். இடது பக்க விளக்கு எரிந்து, சாலையில் சிவப்பு பரவியது. கண்ணாடியில் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு கால்கள். கால்சட்டை, பூட்ஸ்.

"விடுங்க."

விட்டார். இருட்டு. வண்டி ஓர் அடி பின்னால் நகர்ந்தது. டயருக்கு அடியில் சரளைக்கல் நறநறவென்றது.

"மிதிங்க."

மறுபடி சிவப்பு. கால்கள் இருந்தன. கொஞ்சம் கிட்டத்தில்.

"விடுங்க."

இன்னும் இரண்டடி. நகர்கிறது சார் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிப் பார்த்தார். எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். சொட்... சொட்... அன்று மழை இல்லை. மழை வந்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

"மிதிங்க."

சிவப்பு பரவியது. கால்கள் இல்லை. வெறும் சாலை. சாலைக்குக் கீழே வளைவு. வளைவில் அந்த உடைசல், வாயைத் திறந்து வைத்த மாதிரி.

"விடுங்க."

குரல் மட்டும் இருந்தது. தூரத்தில் இல்லை. முன்னைவிடக் கிட்டத்தில். ஆனால் தாழ்ந்து... ஓர் ஆள் நின்று பேசினால் குரல் வருகிற உயரத்தில் அது வரவில்லை.

கேளுங்கள், இதைத்தான் முப்பத்திரண்டால் பிறகு தாங்க முடியவில்லை. கால்கள் இல்லை என்று பார்த்துவிட்டார். குரல் தரையிலிருந்து வருகிறது என்றும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும்... விட்டார். விடுங்க என்றால் விட வேண்டும் என்று நாற்பத்தைந்து வருடம் பழகிய கால். அது மூளையைக் கேட்கவில்லை.

வண்டி இந்தத் தடவை நன்றாகவே உருண்டது. அவர் மிதித்தபோது பிரேக் கல்லாக இறுகியிருந்தது. இஞ்சின் அணைந்திருந்தால் இரண்டு மூன்று மிதியில் அப்படி ஆகிவிடும், வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு காலையும் வைத்து மிதித்தார். வண்டி முனகிக்கொண்டு நின்றது. சட்டென்று ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார்.

சொட்... சொட்...

பிறகு அதே அலுத்த குரல், அவருடைய சீட்டுக்கு நேர் கீழே இருந்து சொன்னது.

"கையில இருக்கிறதையும் விடுங்க சார்."

அவர் கை ஹேண்ட் பிரேக்கின் நுனியில் இருந்தது. கட்டை விரல் பொத்தானின் மேல். அழுத்தத் தொடங்கிவிட்டது அந்த விரல். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி.

அப்போது பின் சீட்டிலிருந்து மெதுவாக, தூக்கக் கலக்கமே இல்லாத குரலில் மகள் சொன்னாள்.

"விடாதப்பா."

அவ்வளவுதான். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து சீருடைக்கு மாறாக ஒன்று செய்தார் என்றால் அது அதற்குப் பிறகு செய்ததுதான். சாவியைத் திருகினார். முதல் தடவை இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. இரண்டாவது தடவை பிடித்தது. கியரைப் போட்டு, இஞ்சின் இழுத்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினார். வண்டி ஏறவில்லை. இஞ்சின் அலறுகிறது, கிளட்ச் கருகுகிற நாற்றம் மூக்கைப் பிடுங்குகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. அடியில் யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குகிற மாதிரி. முன் சீட்டில் இருந்த டப்பாக்கள் எல்லாம் சரிந்து பல் செட்டுகள் கீழே கொட்டின. பிறகு ஏதோ ஒன்று பிடி தளர்ந்தது. வண்டி ஒரே எம்பில் மேட்டின் உச்சிக்குப் போனது.

திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கில் கால் வைக்கவும் இல்லை. முதல் வெளிச்சம் தெரிந்த இடம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே போய்த்தான் நின்றார்.

பங்கில் இருந்தது ஒரு பெண். இருபது வயது இருக்கும். வாயில் ஹெட்போன் கம்பியைக் கடித்துக்கொண்டு வந்தாள். இவர் பெட்ரோல் வேண்டாம், கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்றார். என்ன ஆயிற்று என்று அவளே விசாரித்தாள். மேட்டில் போலீஸ் நிறுத்தியது என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அது புரியவில்லை. அந்தப் பக்கம் வண்டியே போவதில்லை, அங்கே யாரைப் பிடிக்கப் போலீஸ் நிற்கும் என்று கேட்டாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

காருக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி, சிமெண்டுத் தரையில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாக, பாசித் துணுக்குகளோடு.

ரேடியேட்டர் ஓட்டையா என்று சொல்லிக்கொண்டே, செல்போன் வெளிச்சத்தைப் போட்டு, பார்ப்பதற்காகக் குனியப் போனாள்.

"அக்கா," என்றாள் பின் சீட்டிலிருந்த குழந்தை. "குனியாதீங்க."

அழுகை இல்லை, பயம் இல்லை. அடுப்பு சுடும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தப் பெண் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து, இரண்டடி பின்னால் வைத்து, நேராக அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

முப்பத்திரண்டு போன் செய்து நம் அச்சகக்காரர் தன் காரில் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. பெட்ரோல் போடுகிற மேடையின் மேல் அக்கா வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். தோளில் மகள். கதவைத் திறக்கவே அவள் சம்மதிக்கவில்லையாம், ஜன்னல் வழியாகத் தூக்கியிருக்கிறார். அச்சகக்காரர் வந்த பிறகும் அவளைத் தரையில் இறக்கவில்லை. அவர் கார் மேடையை ஒட்டி வந்து நின்ற பிறகுதான், மேடையிலிருந்தே உள்ளே ஏற்றினார்.

மறுநாள் மெக்கானிக் போய்க் காரைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் பத்திரமாக இருந்தது. பல்பு மாற்ற ஐந்து நிமிடம் பிடித்தது. ஆனாலும் அந்தக் காரில் முப்பத்திரண்டு திரும்ப உட்காரவில்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது பல் செட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்தான் போகிறார். கேட்டால் முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்பார். அந்த மேட்டில் எப்போதாவது ஏதாவது நடந்ததா என்று அச்சகக்காரர் நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் நாலு கதை சொன்னார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். எல்லாரும் மறந்துகொண்டுதான் வந்தார்கள்.

போன மாதம் அச்சகக்காரர் அக்கா மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். தன் காரில். பளிச்சென்ற காலை நேரம். பின் சீட்டில் அவள் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷூ அழுக்கு சீட்டில் படுமே, காலைக் கீழே போடு என்றார். அவள் போடவில்லை. பஸ்ஸிலும் இப்படித்தான் உட்காருவேன், பழகிவிட்டது என்றாள். ஏன் என்று கேட்டார்.

"கீழ இருந்து பேசிக்கிட்டே வர்றாரு மாமா."

அச்சகக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்தார்... கேட்டுவிட்டார். என்ன சொல்கிறார் என்று.

அவள் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

"மேடு வரட்டும்னு சொல்றாரு."