தண்ணீர்க் கண்ணாடியின் கைப்பிடிகள்

நான் மேற்கண்ட விலாசத்தில், என் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்து வருகிறேன். வயது நாற்பத்தாறு. எம்.ஏ. வரலாறு படித்திருக்கிறேன். மூடப்பட்ட சிமெண்ட் ஆலைக்குள் அண்ணன் நடத்தும் காட்சிக்கூடத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை பார்க்கிறேன். குவாரியிலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் இழுத்த நீராவி இன்ஜினை அண்ணன் துருவிலிருந்து மீட்டு ஓடவைத்தார். ஆலைக் காலத்தில் அதை ஓட்டிய டிரைவரே இப்போதும் ஓட்டிவந்தார்.

சம்பவத்தன்று காலை டிரைவர் நெருப்பு மூட்டி, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைச் சோதித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அதன் பின்பு அண்ணன் கேபினில் ஏறி, பித்தளைச் சாமான்களைத் தேய்த்து, கண்ணாடிக் குழாயைத் திறந்து மூடும் கைப்பிடிகள் போட்டோவில் வரிசையாகத் தெரியவேண்டும் என்று அவற்றைப் பக்கவாட்டில் திருப்பிவைத்தார். நான் கீழே நின்று பார்த்தேன். அப்படித் திருப்பினால் குழாய் அடைபட்டு, பாய்லரில் தண்ணீர் குறைந்தாலும் குழாயில் இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பின்பு காட்சிக்கூடம் பார்க்க வந்திருந்த விருந்தினர்களைப் பின்னால் இருந்த திறந்த பெட்டியில் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. நானும் அண்ணனும் கேபினில் நின்றோம். இரண்டாம் சுற்றில் டிரைவர், "என்ன மொதலாளி, வண்டி இந்த ஆட்டம் ஆடுது, தண்ணி மட்டும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி அசையாம நிக்குது" என்று சொல்லிக் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"எண்ணெய்க் கையோட தொடாதீங்க பெரியவரே, இப்பத்தான் தேச்சு வச்சிருக்கேன். பாதிக்கு மேல தண்ணி கண்ணு முன்னாடி தெரியுதே, அப்புறம் என்ன?" என்றார் அண்ணன். பெட்டியின் முன்வரிசையில் இருந்த விருந்தினர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். டிரைவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடி நீட்டவில்லை.

அதன் பின்பு மேட்டில் ஏறும்போது, தண்ணீர் வற்றினால் உருகுவதற்கென்று அடுப்பின் கூரையில் வைத்திருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி அடுப்புக்குள் பாய்ந்து, நெருப்பு கதவு வழியே வெளியே அடித்தது. கரி போடக் குனிந்திருந்த டிரைவரின் முகமும் கைகளும் வெந்துபோயின. நாங்கள் இருவரும் படியோரம் நின்றதால் தப்பினோம்.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பின்பு, அண்ணன் கேபினில் ஏறி அந்தக் கைப்பிடிகளைப் பழையபடி கீழ்நோக்கித் திருப்பினார். முதலில் திருப்பியது தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்துதான் செய்தார்.

டிரைவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை என்று அண்ணன் இந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். டிரைவர் இன்னும் பேசும் நிலையில் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி, "பாக்காம இருப்பாராம்மா? வீட்ல குடத்தக்கூட தட்டிப் பாக்குற மனுசன்" என்று என்னிடம் கேட்டார்.

நேற்று அண்ணன், "கேட்டா தெரியாதுன்னு சொல்லிடும்மா. அவங்க குடும்பத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கும் அண்ணனுக்கும் முன்விரோதம் ஏதும் கிடையாது. இன்றும் அவர்தான் என்னை ஸ்கூட்டரில் அழைத்துவந்தார். வாசலில் காத்திருக்கிறார். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதை நானே படித்துப் பார்த்து, அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)