நைனா மதராசுக்குப் போக மறுத்தது பற்றி

சித்தூர், 11-9-1978

பெயர் சுந்தர்சிங், தகப்பனார் காலஞ்சென்ற தனராஜ், வயது 26, ஐ.டி.ஐ. படித்த டீசல் மெக்கானிக், வேலை திருப்பதியில், வீடு சித்தூரில். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. ஆகையால் தமிழில் சொல்கிறேன்.

என் நைனா வாடகைக் கார் ஓட்டியவர். ஜூலையில் அவர் மல்லாந்து படுத்திருந்தபோது, வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்திருந்த பாட்டுப் புத்தகம் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு எங்கள் சபை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசிங்கிடம் காட்டினோம். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஊதியிருக்கிறது, வெடித்தால் ஆள் தங்காது, வெட்டித் துணிக்குழாய் வைத்துத் தைக்க வேண்டும் என்றார். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். "ஒருத்தருக்கு. அவர் நல்லா இருக்கார். ஆனா மதராசில இதையே செஞ்சிக்கினு இருக்காங்க, அங்க கூட்டினு போப்பா" என்றார். ஆகவே டாக்டர் மறைத்து ஏமாற்றினார் என்று என் சித்தப்பா ஞானமணி சபைக்குக் கொடுத்த புகார் சரியல்ல.

மதராசுக்கு வேண்டாம், இங்கேயே செய்துகொள்கிறேன் என்றார் நைனா. வீட்டில் அவரிடம் சண்டை போட்டேன். டீசல் பம்பை எங்கள் பட்டறையில் திறக்கவே மாட்டோம், நாள் முழுக்க அதையே பார்க்கிறவனுக்கு அனுப்புவோம், டாக்டர் கை பழக உன் வயிறுதான் கிடைத்ததா என்றேன். "நீ கார் கத்துக்கினப்போ எந்தக் காரடா செவுத்துல உட்ட? என் காரத்தானே?" என்று சிரித்தார். பிறகு, "மதராசுக்குன்னு ஏத்திக்கினு போனவங்கள திருத்தணி தாண்டறதுக்குள்ள பொணமா திருப்பிக் கொண்டாந்தவன் நான். எல்லாரும் அங்கயே ஓடுனா இங்க எவன் கைதான் பழகும்?" என்றார். அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையைக் கட்ட வீடு வீடாகப் போய் வசூலித்தவர் அவர். சம்மதக் கையெழுத்தையும் அவரே போட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தார். அதன் பிறகு மூத்திரம் இறங்கவில்லை. டாக்டர் மதராசுக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டுக் கேட்டு மருந்து கொடுத்தார். லைன் கிடைக்காதபோது போன் பக்கத்திலேயே நின்றார். காரில் மதராசுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன், வழியில் உயிர் தாங்காது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் நைனா இறந்தார்.

அடக்கத்துக்கு வந்த டாக்டர் கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றார். நான் போய்க் கூப்பிடவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வேண்டாம். இருக்கிறது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. இனி யாராவது கேட்டால், இரண்டு பேருக்குச் செய்தேன், ஒருத்தர் பிழைத்தார் என்று அவர் சொல்ல வேண்டும்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) த. சுந்தர்சிங்