பி.காமுக்குச் செய்த ஜெபம்

1. மும்பை லோக்கல் ரயிலில், செம்பூரில் ஒரு தாயும் மகளும் பெண்கள் பெட்டியில் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள்.
2. மகள் செல்போனில் முதல் வருட ரிசல்ட்டைக் காட்டினாள். எல்லாவற்றிலும் பாஸ்.
3. சேர்ந்தது பி.காமில்தான், ஆனால் மூன்றாவது வாரமே தத்துவத்துக்கு மாறிவிட்டேன் என்றும் அப்போதுதான் சொன்னாள்.
4. அம்மா செல்போனை வாங்கி ரிசல்ட்டை மறுபடி பார்த்தார்.

பிறகு கேட்டார்: "ஏட்டி, அப்போ சபையில நாங்க இத்தன பேரும் ஒரு வருசமா தப்பான பாடத்துக்கா ஜெபம் பண்ணுனோம்?"

"பாஸாயிட்டேன்லாம்மா."

"ஏன் மாத்துன?"

"அக்கவுண்ட்ஸ் கிளாஸ்ல தூங்கிருவேன். பிலாசபில தூக்கம் வரல."

"மக பி.காம் பாஸுன்னு ஞாயித்துக்கெழம சபையில எழும்பி சாட்சி சொல்ல, பாஸ்டர்ட்ட பேரு குடுத்திருக்கேன்."

"மக பாஸுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லயே."

"பாதிய மறைச்சா பொய்யா இல்லயா? இதக்கூடச் சொல்லித் தரலயா ஒனக்கு?"

"அந்தப் பாடம் அடுத்த வருசம்தான் வரும்."

அம்மா சிரிக்கவில்லை. கோவண்டி ஸ்டேஷன் வந்து போனது.

"நான் முழுசாவே சொல்லுதேன். நீயும் எங்கூட எழும்பி நிக்கணும்."

"அரே, அப்பா இருப்பாங்களே! மொதல்ல வீட்டுல சொல்லிருவோம்மா."

"வீட்டுல சொன்னா கத்துவாரு. சபையில வச்சுக் கத்த முடியாதுல்லா?"

மகள் "கரெக்ட்தான்" என்றாள்.

மான்குர்த்தில் இருவரும் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மகள் எழுந்து நிற்கச் சம்மதித்திருக்கிறாள். அதுவரை அப்பாவுக்கு அவள் பி.காம் மாணவி.