மாடிக்கு மட்டும் வேண்டாம்

பெர்னார்ட்: கதவைத் திற அல்போன்சம்மா. ராத்திரியே வண்டி கட்டிக்கிட்டு கிராஞ்சியிலிருந்து வந்திருக்கேன்.

அல்போன்சம்மாள்: சன்னல் வழியாவே பேசுவோமே அண்ணே. அண்ணி வரலையா?

பெர்னார்ட்: குணமணியால வர முடியாது... ஏம்மா, என் சொந்த வீட்டுக்கு நான் சன்னல்ல நின்னு பேசணுமா?

அல்போன்சம்மாள்: வீட்டுக்காரர் நீங்கதான். நான் வாடகைக்கு இருக்கிறவதான். இன்னொரு நாள் வாங்களேன்...

பெர்னார்ட்: கூரை ஒழுகுது, மாடித் தரை உளுத்துப் போயிடும்னு ரெண்டு தடவை ஆசாரி முத்துசாமியை அனுப்பினேன். வாசலோட திருப்பி அனுப்பிட்டே.

அல்போன்சம்மாள்: ஒழுகினா ஒழுகட்டும். பானை வச்சுக்கிறேன்.

பெர்னார்ட்: ஆமா, இந்த ஜப்பான்காரன் ஆட்சியில அரிசி கிடைக்கிற லட்சணத்துக்குப் பானையெல்லாம் சும்மாத்தானே கிடக்கும்.

அல்போன்சம்மாள்: சிரிப்பு மூட்டாதீங்க அண்ணே.

பெர்னார்ட்: உன் புருஷனைக் கூப்பிடு. சவரிராஜ்கிட்டப் பேசிக்கிறேன்.

அல்போன்சம்மாள்: அவரு... ஜூரோங் பக்கம் வேலைக்குப் போயிருக்காரு.

பெர்னார்ட்: எப்ப வருவான்?

அல்போன்சம்மாள்: சொல்லிட்டுப் போகல.

பெர்னார்ட்: அதெல்லாம் காத்திருக்க முடியாது. இன்னைக்கே மாடிக்குப் போயாகணும்.

அல்போன்சம்மாள்: ஏழு மாசமா ஒழுகுற கூரைக்கு இன்னைக்கு என்ன அவசரம்?

பெர்னார்ட்: ...அவசரம்தான். திற.

அல்போன்சம்மாள்: திறக்கலேன்னா? ஜப்பான்காரன்கிட்ட சொல்லி வெளியேத்திடுவேன்னு ஆசாரிகிட்ட சொல்லி அனுப்பினீங்களே... அதானே? அன்னைக்குப் பிள்ளைங்களைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

பெர்னார்ட்: கோபத்துல விட்ட வார்த்தைம்மா. அவன் தெருவைத் தாண்டுறதுக்குள்ளயே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என்னை மன்னிச்சிடு.

அல்போன்சம்மாள்: நீங்க போய் என்கிட்ட மன்னிப்பு கேக்கிறதா அண்ணே...

பெர்னார்ட்: ஏன் அழறே? என்னாச்சு?

அல்போன்சம்மாள்: திறக்கிறேன், வாங்க. மாடியில சுவரை ஒட்டியே நடங்க. நடுவுல பலகை இல்ல.

பெர்னார்ட்: ...அடப் பாவி! பாதித் தரையைக் காணோமே! பேர்த்து அடுப்பெரிச்சியா?

அல்போன்சம்மாள்: அடுப்புக்கா... அவரு ஜூரோங் போகல அண்ணே. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் காய்ச்சல்ல போயிட்டாரு. பாயில சுத்திப் புதைச்சிடுன்னு எல்லாரும் சொன்னாங்க. தெருத்தெருவாப் பலகை கேட்டு அலைஞ்சேன், ஒண்ணுகூடக் கிடைக்கல. எனக்கு மனசு கேக்கல. உங்க தரையைப் பேர்த்துத்தான் அவருக்குச் சவப்பெட்டி செஞ்சேன்.

பெர்னார்ட்: எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே...

அல்போன்சம்மாள்: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? பத்து வருஷமா கூடப்பிறந்தவ மாதிரி வச்சிருந்தீங்க. உங்க வீட்டுலயே திருடிட்டேன். தெரிஞ்சா பிள்ளைங்களோட வெளியே போகச் சொல்லிடுவீங்களோன்னு பயம்.

பெர்னார்ட்: அவனைப் புதைக்கிற அன்னைக்கு நான் வந்து நிக்கலையேம்மா... நிக்காம, உன்னை மிரட்டி ஆள் அனுப்பியிருக்கேன்.

அல்போன்சம்மாள்: விடுங்க அண்ணே. முத்துசாமியைக் கூப்பிடுங்க, மிச்சமிருக்கிறதையாவது சரி பண்ணட்டும். இனிமே குறுக்கே நிக்க மாட்டேன்.

பெர்னார்ட்: தெருமுனையில மாட்டுவண்டியோட நிக்கிறான்.

அல்போன்சம்மாள்: புதுப் பலகை, ஓடு எல்லாம் ஏத்திட்டு வந்திருக்கானா?

பெர்னார்ட்: இல்லம்மா. வெறும் வண்டி. ஒரு கடப்பாரை மட்டும்தான்.

அல்போன்சம்மாள்: வெறும் வண்டியா? அப்ப எதை வச்சு ரிப்பேர் பண்ணுவான்?

பெர்னார்ட்: இன்னைக்கு ரிப்பேருக்கு வரல அல்போன்சம்மா. குணமணி நேத்து சாயங்காலம் போயிட்டா... அவளுக்குப் பெட்டி செய்ய இந்தத் தரையைப் பேர்க்கத்தான் வந்தேன்.